அரபு ஹம்மாம்களின் கட்டடக்கலை: தரைப்படத்தை எப்படிப் படிப்பது?

வினா: தூரிகைத்தடம்

அனைவருக்கும் வணக்கம். தென் ஸ்பெயினில் கிரனாடா, ஹாயென், ரோண்டா ஆகிய நகரங்களில் எஞ்சியுள்ள ஹம்மாம்களை, அதாவது அரபுக் குளியற்கூடங்களைப் பார்த்துவர இருக்கிறேன். அதற்கு முன்னேற்பாடாகப் படங்களையும் தரைப்படங்களையும் புரட்டிக்கொண்டிருந்தபோது எழுந்த மூன்று ஐயங்களை இங்கே வைக்கிறேன்.

வழிகாட்டி நூல்கள் இவற்றை ‘உரோமானியக் குளியலகங்களின் தொடர்ச்சி’ என்ற ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. குளிர்ந்த அறை, மிதவெப்ப அறை, வெப்ப அறை என்ற வரிசை இரண்டிலும் இருக்கிறது, உண்மைதான். ஆனால் உரோமானியர் கட்டியவை பெருங்குளங்களும் உடற்பயிற்சி முற்றங்களும் கொண்ட விரிந்த வளாகங்கள். இவையோ சன்னல்களே இல்லாத, அடக்கமான, அரையிருட்டுக் கூடங்கள். இதைத் தொடர்ச்சி என்று எந்தப் பொருளில் சொல்கிறார்கள்?

அடுத்து, எல்லாப் படங்களிலும் கண்ணைக் கவர்வன கூரையில் உள்ள நட்சத்திரத் துளைகள். அவை அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டவையா, வேறு பயனும் உண்டா?

கடைசி ஐயம், கட்டலோனியாவில் உள்ள ஜிரோனா நகரத்தைப் பற்றியது. அங்கும் ‘அரபுக் குளியற்கூடம்’ என்ற பெயரில் ஒரு கட்டடம் இருக்கிறது. ஆனால் அதன் காலம் 1194 என்று குறிக்கப்பட்டுள்ளது. அந்நகரம் 785ஆம் ஆண்டிலேயே கிறித்தவர்களான பிராங்குகளின் கைக்குப் போய்விட்டதே! அப்படியானால் எதை வைத்து ஒரு குளியற்கூடத்தை அரபுக் குளியற்கூடம் என்கிறோம்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: கல்லெழுத்து

வணக்கம் நண்பரே. தங்கள் முதல் ஐயத்துக்கு மட்டும் விடையளிக்கிறேன்.

தொடர்ச்சி உண்டு, ஆனால் எதனுடைய தொடர்ச்சி என்பதைத்தான் வழிகாட்டி நூல்கள் சொல்லாமல் விடுகின்றன. உரோமானியக் குளியலகம் என்றதும் உரோமாபுரியில் கரகல்லா பேரரசர் பெயரால் நிற்கும் மாபெரும் வளாகமே நம் நினைவுக்கு வருகிறது. ஏழாம் நூற்றாண்டில் சிரியாவிலும் பாலஸ்தீனத்திலும் ஆட்சியைக் கைப்பற்றிய அரபியர் தங்கள் அன்றாட வாழ்வில் எதிர்கொண்டவை, அத்தகைய வளாகங்களைக் காட்டிலும் மிகச் சிறியனவாகிய பைசாந்தியக் காலத்து ஊர்க் குளியலகங்கள். வடமேற்குச் சிரியாவின் செர்ஜில்லா என்னும் கைவிடப்பட்ட ஊரில் 473ஆம் ஆண்டைச் சேர்ந்த அப்படியொரு குளியலகம் நிற்கிறது. மக்கள் கூடியிருந்து பேசுவதற்கு ஒரு பெரிய கூடம், அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல் சிறுசிறு குளியலறைகள், அவ்வளவுதான். இசுலாம் தோன்றுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே உடற்பயிற்சி முற்றம் மறைந்து, குளிர்நீர்க் குளம் சுருங்கத் தொடங்கியிருந்தது என்பதற்கு அது கண்கூடான சான்று.

யார்முக் ஆற்றங்கரையில் கதரா நகரை ஒட்டிய வெந்நீர் ஊற்றுக் குளியலகத்தில் ஒரு கல்வெட்டு கிடைத்திருக்கிறது. முதல் உமையாக் கலீஃபாவான முஆவியாவின் ஆட்சியில், 662ஆம் ஆண்டில், அக்குளியலகம் பழுதுபார்க்கப்பட்ட செய்தியை அது அறிவிக்கிறது. கல்வெட்டின் மொழி கிரேக்கம். அதன் தொடக்கத்தில் சிலுவைக் குறி உள்ளது. காலக் கணக்கில் அரபியர் ஆண்டு 42 என்பதும் சேர்ந்து வருகிறது. நோயுற்றோர் நலம் பெறும்பொருட்டு அத்திருப்பணி செய்யப்பட்டதாக அது கூறுகிறது. ஆட்சி மாறிய பின்னரும் பழைய கைவினைஞர்களும் பழைய எழுத்தர்களும் தங்கள் பணியைத் தொடர்ந்தார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் கண்டதில்லை.

யோர்தான் பாலைவனத்தில் உள்ள குசைர் அம்ரா இதற்கு அடுத்த கட்டம். 723க்கும் 743க்கும் இடையில், பின்னாளில் கலீஃபாவான வலீத் இப்னு யசீத் இளவரசராக இருந்தபோது கட்டுவித்தது. 2012ஆம் ஆண்டில் சுவரோவியங்களைத் தூய்மை செய்தபோது வெளிப்பட்ட எழுத்துப் பொறிப்பில் அவர் பெயர் இருந்தது. மூன்று இணையான வளைவுக் கூரைகள் கொண்ட கொலுக்கூடமும் அதையொட்டி மூன்று சிறிய அறைகளும் அதன் அமைப்பு. செர்ஜில்லாவின் இலக்கணம் இங்கே அரண்மனைக்குரிய பெருமிதத்துடன் திரும்ப வருகிறது. வெப்ப அறையின் குவிமாடத்தின் உட்புறம் முழுவதும் விண்மீன் கூட்டங்களையும் இராசிகளையும் தீட்டியிருக்கிறார்கள். வளைந்த பரப்பில் வானத்தையே வரைந்த ஓவியங்களில் இன்று எஞ்சியிருப்பனவற்றுள் மிகப் பழையது அதுவே என்று கருதப்படுகிறது. கொலுக்கூடத்துச் சுவரில் ஆறு மன்னர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுள் ஒருவர், தாங்கள் செல்லவிருக்கும் ஸ்பெயினை ஆண்டுவந்து, 711இல் அரபியரிடம் தோற்ற விசிகோத்திய மன்னர் ரோதரிக்.

முறிவு எங்கே ஏற்பட்டது என்றால், தேங்கிய நீரில் பலரும் ஒன்றாக இறங்கிக் குளிக்கும் பழக்கம் பின்னுக்குப் போன இடத்தில்தான். இசுலாமிய முழுக்குக்கு ஓடும் நீரும் ஊற்றிக்கொள்ளும் நீருமே உகந்தவை எனக் கருதப்பட்டதால், குளங்களின் இடத்தைச் சுவரோரத் தொட்டிகள் பிடித்துக்கொண்டன. எகிப்து போன்ற சில நாடுகளில் மூழ்குதொட்டிகள் நீடித்தன என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்; ஆகவே இது எங்கும் ஒரே சீராக நடந்த மாற்றமன்று.

மறுமொழி: செங்கற்சூளை

கல்லெழுத்து அவர்கள் வரலாற்றைச் சொல்லிவிட்டார்கள். நான் அடுப்பிலிருந்து தொடங்குகிறேன். ஹம்மாமின் தரைப்படத்தை வாசலிலிருந்து படித்துக்கொண்டு போனால் மூன்று அறைகள் இருப்பது தெரியும். அடுப்பிலிருந்து பின்னோக்கிப் படித்தால்தான் அவை ஏன் அந்த அளவில், அந்த வரிசையில், அந்தத் தடிப்புள்ள சுவர்களோடு அமைந்தன என்பது விளங்கும்.

அடுப்பு கட்டடத்தின் கடைக்கோடியில் இருக்கும். அதற்குத் தனி வாயில் உண்டு. விறகு ஏற்றிய விலங்குகள் அந்தப் பக்கமாகத்தான் வரும். அடுப்புக்கு மேலே செம்பாலோ ஈயத்தாலோ செய்த பெரிய கொப்பரையில் நீர் கொதிக்கும். அடுப்பின் வெப்பப் புகை நேராக வெளியே போய்விடாதபடி அதை வெப்ப அறையின் தளத்துக்கு அடியில் செலுத்துவார்கள். அங்கே செங்கல்லால் கட்டிய குட்டைத் தூண்கள் கற்பலகைத் தளத்தைத் தாங்கிநிற்க, தூண்களுக்கு இடையே புகை சுற்றிச் சுழன்று, பின்பு சுவர்களுக்குள் பதித்த குழாய்கள் வழியாக மேலேறிக் கூரைக்கு வெளியே போகும். ஒரே நெருப்பு நீரையும் தரையையும் சுவரையும் சூடாக்குகிறது. இசுலாமிய ஆட்சியிலிருந்த ஸ்பெயினாகிய அந்தலூசியாவிலும் வடமேற்கு ஆப்பிரிக்காவாகிய மக்ரிபிலும் பெரும்பாலும் இந்த முறைதான். டமாஸ்கசிலோ, தளம் முழுவதையும் வெற்றிடமாக்காமல், அறைகளின் நடுவே ஓடும் ஒற்றைப் புகைவழியை அமைத்துக்கொண்டார்கள்.

இனி அறைகளுக்கு வருவோம். வெப்ப அறை அடுப்பை ஒட்டியிருக்கும். அதனிடமிருந்து கசியும் வெப்பம் மிதவெப்ப அறைக்கு. அதிலும் மிஞ்சியது குளிர் அறைக்கு. அந்தலூசியக் கட்டடங்களில் இந்த மூன்று அறைகளும் நீண்ட செவ்வகங்களாக, நெடுஞ்சுவர்களைப் பகிர்ந்துகொண்டு, ஒன்றையொன்று அணைத்தபடி கிடப்பதற்குக் காரணம் இதுவே. குளிர் அறை என்பது குளிர்ந்த நீரில் குளிப்பதற்கான இடம் அன்று. வெளிக்காற்றுக்கும் உள்வெப்பத்துக்கும் நடுவே நிற்கும் தடுப்பு அது. அதனால்தான் அது பல இடங்களில் மிகக் குறுகலாக இருக்கிறது. நெடுநேரம் தங்கியிருந்து, உடம்பைத் தேய்த்து, பேசி இளைப்பாறும் இடமாகிய மிதவெப்ப அறையோ அந்தலூசியாவில் எல்லாவற்றிலும் பெரியது. கிரனாடாவின் பான்யுவேலோ குளியற்கூடத்தில் அந்த வேறுபாட்டை நுழைந்தவுடனே உணர்வீர்கள். தாழ்ந்த கதவுகள், வளைந்து திரும்பும் நுழைவழி, தெருமட்டத்துக்குக் கீழே இறக்கப்பட்ட தளம் ஆகிய அனைத்தும் வெப்பம் வெளியேறாமல் தடுக்கின்றன. வெளியிலிருப்போர் பார்வை உள்ளே விழாமலும் காக்கின்றன. யெமனின் சனா நகரில் ஹம்மாம்களை நிலத்துக்குள் வெகுவாக இறக்கிக் கட்டியிருப்பதால், தெருவில் நிற்பவருக்குக் குவிமாடங்கள் மட்டுமே தெரியும்.

இப்போது நட்சத்திரங்கள். சுவரில் சன்னல் வைத்தால் வெப்பமும் போகும், மறைவும் போகும். ஆகவே வெளிச்சத்துக்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி கூரை. துளை ஒன்றை அண்மையில் நின்று அண்ணாந்து பாருங்கள். செங்கல் வளைவின் முழுத் தடிப்பையும் ஊடுருவிச் செல்லும் அது, மேலே குறுகியும் உள்ளே வரவர அகன்றும் இருக்கும். உள்ளே விழும் வெளிச்சம் அதனால் பரவலாக விழும். மேலே மூடவேண்டிய வாயோ சிறியதாக இருக்கும். அந்த வாயைக் கண்ணாடியால் மூடினார்கள். ஆவி மிகுந்தபோது சிலவற்றைத் திறந்துவிட்டு வெப்பத்தைச் சீர்படுத்தவும் அவை உதவின. கெய்ரோவிலும் டமாஸ்கசிலும் தடித்த கண்ணாடிக் குமிழ்களைக் குவிமாடத்தில் வரிசையாகப் பதித்தார்கள். வட்டத் துளையாக இருந்தாலும் இத்தனை வேலையும் நடந்திருக்கும் என்பதால், எண்முனை நட்சத்திர வடிவம் மட்டும் அழகுக்காக என்பது என் கருத்து. துளை இருக்கும் இடமும் அளவும் சரிவும் தேவையால் வந்தவை.

குவிமாடமும் அப்படித்தான். தட்டையான கூரையில் ஆவி குளிர்ந்தால் துளிதுளியாகக் கீழே இருப்பவர் தலையில் சொட்டும். வளைந்த பரப்பில் அந்த நீர் சுண்ணச்சாந்தின் வழியே சுவரோரமாக வழிந்துவிடும். உத்தரமும் பலகையும் அந்த ஈரத்தில் நெடுநாள் தாங்கா. செங்கல்லும் சுண்ணாம்பும் தாங்கும். ஊரில் மற்ற பல கட்டடங்கள் மரக்கூரையோடு அழிந்துபோக, ஹம்மாம்கள் முழுக் கூரையோடு நமக்குக் கிடைத்திருப்பதற்கு இந்தக் கட்டுமானமே முதற்காரணம்.

மறுமொழி: தூரிகைத்தடம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுப்பிலிருந்து படிக்க வேண்டும் என்ற குறிப்புக்குப் பிறகு ரோண்டாவின் தரைப்படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அறைகள் அடுக்கப்பட்ட முறை இப்போது நன்றாகப் புரிகிறது. ஆனால் அடியில் நெருப்புப் புகை ஓடும் தளத்தில் மக்கள் எப்படி வெறுங்காலோடு நடந்தார்கள்? குளிப்பவர் ஒருவருக்கு உள்ளே என்னென்ன ஏற்பாடுகள் இருந்தன என்பதற்கு அக்காலத்தவர் எவரேனும் எழுதிவைத்த குறிப்பு உண்டா?

மறுமொழி: நெடுவழி

வெறுங்காலோடு நடக்கவில்லை. கட்டையால் செய்த உயரமான மிதியடிகளை அணிந்தார்கள். சூட்டிலிருந்தும் வழுக்கலிலிருந்தும் அவை காத்தன.

நேரில் கண்டவர் எழுதிய குறிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது, 1327ஆம் ஆண்டில் பக்தாதுக்கு வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா அந்நகர ஹம்மாம்களைப் பற்றி எழுதியது. கூஃபாவுக்கும் பஸ்ராவுக்கும் இடையிலுள்ள ஓர் ஊற்றிலிருந்து எடுத்துவந்த நிலக்கீலைத் தளத்திலும் சுவரின் கீழ்ப்பாதியிலும் பூசியிருந்ததால், பார்ப்பவருக்கு அது கரும்பளிங்கு போலத் தோன்றியதாம். சுவரின் மேற்பாதியில் வெண்ணிறச் சாந்து. கருமையும் வெண்மையும் எதிரெதிரே நின்று அழகு செய்வதை அவர் வியந்து எழுதுகிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சிற்றறை. அதன் மூலையில் பளிங்குத் தொட்டி. தொட்டிக்கு இரண்டு குழாய்கள், ஒன்றில் வெந்நீர், மற்றொன்றில் தண்ணீர். உள்ளே போகும்போது இடுப்பில் கட்ட ஒரு துண்டு, வெளியே வரும்போது கட்ட ஒன்று, உடம்பு துடைக்க ஒன்று என மூன்று துண்டுகள் தரப்பட்டன. இவ்வளவு நேர்த்தியை வேறெங்கும் கண்டதில்லை என்கிறார். அவரே எகிப்தின் மின்யா நகரில் ஆண்கள் இடுப்புத் துணியின்றிக் குளிப்பதைக் கண்டு மனம் வருந்தி ஆளுநரிடம் முறையிட, இனி அப்படி எவரையும் உள்ளே விடக்கூடாது என்று குத்தகைதாரர்களுக்கு ஆணை பிறந்ததையும் பதிவுசெய்திருக்கிறார்.

ஜிரோனாவைப் பற்றிய தங்கள் ஐயம் முற்றிலும் சரியானது. அது கிறித்தவ ஆட்சியில், இடைக்கால ஐரோப்பாவின் உரோமனெஸ்க் பாணியில் கட்டப்பட்டது. மெல்லிய தூண்கள் சூழ்ந்த எண்கோணத் தொட்டியும் அதற்கு நேர்மேலே ஒளிமாடமும் அங்கே காண்பீர்கள். தூண் தலைப்புகளின் செதுக்கு வேலை உரோமனெஸ்க் மரபைச் சேர்ந்தது. ஆனால் அறைகளின் வரிசையும் வெப்பமூட்டும் முறையும் தெற்கிலிருந்து கற்றவை. வலென்சியாவில் ‘அட்மிரல் குளியற்கூடம்’ என வழங்கும் கட்டடமும் இத்தகையதே: நகரம் கிறித்தவர் வசமான பின்னர், 1313ஐ ஒட்டிக் கட்டப்பட்டது, அப்படியிருந்தும் நட்சத்திரத் துளைகளோடு முழுமையான ஹம்மாமாகவே அமைந்தது. 1959 வரை அங்கே மக்கள் குளித்துவந்தார்கள். எனவே ‘அரபு’ என்ற சொல்லை, கட்டியவர் சமயத்தைக் குறிப்பதாகக் கொள்ளாமல் கட்டும் முறையைக் குறிப்பதாகக் கொள்வதே பொருத்தம் என நினைக்கிறேன்.

இதனால் கிறித்தவ ஸ்பெயின் ஹம்மாமை அன்போடு காத்தது என்று எண்ணிவிட வேண்டாம். 1567 சனவரி முதல் நாளன்று கிரனாடாவில் அறிவிக்கப்பட்ட அரசாணை, இசுலாமிலிருந்து கிறித்தவத்துக்கு மாற்றப்பட்ட மொரிஸ்கோ மக்களின் அரபு மொழியையும் உடையையும் தடைசெய்ததோடு அவர்களுடைய குளியற்கூடங்களையும் ஒழிக்கச் சொன்னது. பிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலே என்ற முதிய மொரிஸ்கோ பெருமகன், குளியல் உடம்பின் தூய்மைக்கானதே தவிரச் சமயச் சடங்கன்று என்று விளக்கி, ஆணையை நிறுத்தக் கோரி விண்ணப்பம் எழுதினார். அது ஏற்கப்படவில்லை, அடுத்த ஆண்டின் இறுதியில் அல்புஹர்ராஸ் மலைப்பகுதியில் கிளர்ச்சி வெடித்தது. அந்த விண்ணப்பத்தின் செய்தியை அறிந்துகொண்டு பான்யுவேலோவுக்குள் நுழையுங்கள் என்று தங்களை வேண்டிக்கொள்கிறேன். பதினொன்றாம் நூற்றாண்டின் அக்கட்டடம் ஒரு வீட்டின் அடியில் அடங்கிக் கிடந்ததால் தப்பியது. ஹாயெனிலும் அப்படியே: குளியற்கூடத்தின் ஒரு பகுதி தோல் பதனிடும் இடமாகி, பதினாறாம் நூற்றாண்டில் அதன் மேலேயே வில்யார்தொம்பார்தோ கோமகனின் அரண்மனை எழுந்து, 1913இல்தான் குளியற்கூடம் மீண்டும் கண்டறியப்பட்டது.

செவில் வழியாகப் போவீர்களானால், பேராலயத்துக்கு அருகிலுள்ள ஒரு மதுக்கூடத்தையும் பார்த்துவிடுங்கள். 2020இல் அதைப் புதுப்பிக்கச் சுவர்ப்பூச்சை நீக்கியபோது, பன்னிரண்டாம் நூற்றாண்டில் அங்கு ஆண்ட அல்மொஹாத் அரச மரபின் காலத்து ஹம்மாம் ஒன்று வெளிப்பட்டது. 88 ஒளித்துளைகளும், வெண்பரப்பில் செங்காவி நிறத்தில் தீட்டிய ஓவியக் கோலங்களும் அதில் எஞ்சியிருந்தன.

மறுமொழி: கல்லெழுத்து

நெடுவழி அவர்களின் கருத்தோடு உடன்படுகிறேன். ஒரு சிறு வேறுபாட்டை மட்டும் பதிவுசெய்ய விரும்புகிறேன். ‘கட்டும் முறை’ என்று ஒரே முறை இருந்ததாக எண்ணக்கூடாது. அந்தலூசியாவில் மிதவெப்ப அறையே பெரியது என்று செங்கற்சூளை அவர்கள் எழுதினார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் டமாஸ்கசிலும் அந்த நிலைதான் இருந்தது. ஆனால் அங்கே காலம் செல்லச்செல்ல நடு அறை சுருங்கி வெப்ப அறை வளர்ந்தது. ஒத்தோமானியர் காலத்தில் வெப்ப அறையே முதலிடம் பெற்றது. கெய்ரோவிலும் டமாஸ்கசிலும் உடைமாற்றும் கூடம் நடுவே நீரூற்றும் சுற்றிலும் திண்ணைகளுமாகப் பெருமண்டபமாயிற்று. அந்தலூசியாவின் வரலாறு பாதியிலேயே வெட்டப்பட்டுவிட்டதால், அங்கே நாம் காண்பது ஒரு பழைய கட்டம் அப்படியே நின்றுபோன தோற்றம். கிரனாடாவின் அல்ஹம்பிரா அரண்மனையிலுள்ள கொமாரெஸ் குளியற்கூடத்தில் ‘கட்டில் மண்டபம்’ எனப்படும் இளைப்பாறும் கூடத்தைக் காணும்போது, அதன் பளிச்சிடும் வண்ணங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீரமைப்பில் வந்தவை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மறுமொழி: தூரிகைத்தடம்

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று கேட்கிறேன். ஸ்பெயினில் அடுப்பு அணைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. அடுப்பறையையும் சேர்த்து ஹம்மாமை முழுமையாக அறிய எங்கே பார்ப்பது?

மறுமொழி: செங்கற்சூளை

ஸ்பெயினுக்குள் என்றால் ரோண்டா. அங்கே ஓடையிலிருந்து நீரை இறைத்த ஏற்றச் சக்கரத்தின் கோபுரமும், நீரைக் கொண்டுவந்த மேல்வாய்க்காலும், அடுப்புப் பகுதியும் எஞ்சியிருக்கின்றன. விலங்கைப் பூட்டிச் சக்கரத்தைச் சுழற்றினார்கள். நீர் ஒரு முனையிலும் மனிதர்கள் மறுமுனையிலும் நுழைந்து நடுவில் சந்திக்கும் அமைப்பை நடந்தே பார்த்துவிடலாம்.

எரியும் அடுப்புக்கு மொரோக்கோவின் ஃபெஸ் நகரம். பழைய நகரத்தில் செம்புக் கொல்லர் சதுக்கத்தை ஒட்டிய சஃப்பாரீன் ஹம்மாம் மரீனிய அரசர் காலமாகிய பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்நாட்டில் மரத்தூளும் எண்ணெய் பிழிந்த ஒலிவக் கொட்டைச் சக்கையும் எரிபொருளாகின்றன. டமாஸ்கசில் நறுமணப் பொருள் அங்காடியின் நடுவே சிரியாவை ஆண்ட நூருத்தீன் கட்டுவித்த பன்னிரண்டாம் நூற்றாண்டு ஹம்மாமும் அண்மைக் காலம் வரை இயங்கிவந்துள்ளது. அவர் நிறுவிய மதரசாவின் செலவுக்காக எழுதிவைத்த அறக்கொடைகளுள் அதுவும் ஒன்று. ஹம்மாம் நாள்தோறும் காசு ஈட்டும் சொத்து என்பதால்தான் அரசர்கள் பள்ளிவாசலோடும் மதரசாவோடும் சேர்த்து அதையும் கட்டினார்கள்.

அடுப்பு குளிப்பவர்களுக்காக மட்டும் எரியவில்லை என்பதையும் அங்கே காண்பீர்கள். மராகேசில் இறைச்சியும் மசாலாவும் நிரப்பிய மண்சாடிகளை ஹம்மாம் அடுப்பின் தணலில் புதைத்துவைத்து, மணிக்கணக்கில் வேகவிட்டு எடுத்துச் செல்வார்கள். கெய்ரோவில் அவரைப் பருப்பு நிரம்பிய பானைகள் இரவு முழுவதும் அப்படியே வெந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தைக் கண்ட மருத்துவர் அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி, வெப்பத்தைப் பிடித்துவைப்பதற்காக ஹம்மாம் அடுப்பின் தரையில் உப்பைப் பரப்பினார்கள் என்று எழுதுகிறார். எரிந்து முடிந்த சாம்பலையும் கெய்ரோக் கொத்தர்கள் வீணாக்கவில்லை. சுண்ணாம்போடு கலந்து, ஈரம் தாங்கும் சாந்தாக்கிப் புதிய சுவர்களுக்குப் பயன்படுத்தினார்கள். தாங்கள் ஃபெஸ் செல்ல முடிந்தால், குளிக்க நுழையும் வாசலோடு திரும்பிவிடாமல், கட்டடத்தைச் சுற்றிப் பின்தெருவுக்குப் போய் அடுப்பைக் காப்பவரிடம் முறையாக இசைவு பெற்று உள்ளே சென்று பாருங்கள்.